‘ஆட்டம் மினரெட்’ டேலிலி: 7 வருஷம் வளர்த்து, கலப்பு பண்ணிப் பார்த்தவளோட ரிவ்யூ

ஆகஸ்ட் பொறந்தா எங்க ஏரியாவுல டேலிலி கதை முடிஞ்சுடும். நாங்க இருக்கிறது நியூஜெர்சியில எடிசன் பக்கம், இங்க ஜூன் கடைசியில ஆரம்பிச்சு ஜூலை முழுக்க எந்தத் தெருவுல நடந்தாலும் ஆரஞ்சும் மஞ்சளுமா டேலிலிதான், ஆனா ஜூலை 31 தாண்டுனா காஞ்ச குச்சி மட்டும்தான் நிக்கும். எனக்கு அது ரொம்ப வருஷமா உறுத்திக்கிட்டே இருந்துச்சு, ஏன்னா எனக்குப் பூ வேணும்கிறதே பிள்ளையார் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும்தான். கொலு வைக்கிற வீட்டுல தோட்டத்துப் பூ ஒண்ணுகூட இல்லாம ஒவ்வொரு வருஷமும் கடைப் பூவையே வாங்கி வைக்கிறது மனசுக்கு ஒப்பல. அப்படித் தேடப்போயிதான் லேட்டா பூக்குற டேலிலின்னு ஒரு தனி வகையே இருக்குறது தெரிஞ்சுது, அதுல முதல்ல வாங்குனதுதான் இந்த ஆட்டம் மினரெட் (Autumn Minaret).

டேலிலி தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. இது நிஜ லில்லி கிடையாது, லில்லி மாதிரி வெங்காயக் குமிழ்லேர்ந்து வராது, அடியில தடிச்ச வேர் கொத்தா இருக்கும், மேல புல்லு மாதிரி நீள இலை. ஒரு பூ ஒரு நாள்தான். நம்ம ஊர் செம்பருத்தி மாதிரியேன்னு வச்சுக்கங்க, காலையில விரிஞ்சு ராத்திரிக்குள்ள சுருண்டுடும், ஆனா ஒரு தண்டுலயே இருபது முப்பது மொட்டு வரிசையா காத்துக்கிட்டு இருக்குறதால தினம் புதுசு வந்துக்கிட்டே இருக்கும். அமெரிக்காவுல டேலிலிக்குன்னே 1946-லேர்ந்து ஒரு சங்கம் இருக்கு, அவங்ககிட்ட பதிவான ரகம் மட்டும் 80,000-க்கு மேல. ஒவ்வொரு ரகத்துக்கும் எப்போ பூக்கும்னு ஒரு குறி போட்டிருப்பாங்க, ரொம்ப முந்தி, முந்தி, நடு, பிந்தி, ரொம்பப் பிந்தின்னு. இதுல பெரும்பாலானது நடு சீசன்தான், கலரும் சுருக்கமும் கோடும் வேணும்னுதான் எல்லாரும் கலப்பு பண்ணிக்கிட்டு இருக்காங்க, செப்டம்பர்ல பூக்கணும்னு மெனக்கெடுறவங்க ரொம்பக் கம்மி. எனக்கு இந்த வேலை மேல இவ்வளவு பிரியம் வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம், வீட்டுக் கொல்லையில நாலு பாத்தி வச்சிருக்குறவங்ககூட இதுல உருப்படியா ஏதாவது பண்ணலாம்.

2018 ஆகஸ்ட்ல ஆன்லைன்ல ஒரு சின்ன குடும்பப் பண்ணையில ஆர்டர் போட்டேன். ஒரு செடி 14 டாலர், ரெண்டு ஃபேன், அதாவது விசிறி மாதிரி விரிஞ்ச ரெண்டு கன்னு. செடி விலையைவிட ஷிப்பிங் ஜாஸ்தியாயிடுச்சு, அதனால ஒரேயடியா நாலு ரகம் சேர்த்துப் போட்டுட்டேன். தொட்டியில வரும்னு எதிர்பார்க்காதீங்க, மண்ணை முழுசா கழுவிட்டு வெறும் வேரோட, இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, பேப்பர்ல சுத்தி அட்டைப்பெட்டியில அனுப்புவாங்க. பெட்டியைப் பிரிச்சவுடனே எனக்குப் பக்குன்னு ஆச்சு, காஞ்ச கோரைக் கட்டு மாதிரி இருந்துச்சு. ஆனா இந்தச் செடிக்கு அது ஒண்ணுமே பண்ணாது. ஒரு வாளித் தண்ணியில ராத்திரி ஊறவச்சு மறுநாள் நட்டேன், பத்து நாள்ல நடுவுலேர்ந்து பச்சைக் குருத்து வந்துடுச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், ரகத்தோட பேரை மார்க்கரால இலை மேலயே எழுதி அனுப்பியிருந்தாங்க. லேபிள் கழண்டு விழுந்து எது என்னன்னே தெரியாமப் போற தொல்லை இல்ல. பேக்கிங்குக்கு முழு மார்க்.

இப்போ செடிக்கு வர்றேன். ஆட்டம் மினரெட் ரொம்ப உசரம். எங்க வீட்டுல மூணாவது வருஷத்துலேர்ந்து பூத்தண்டு அஞ்சரை அடிக்குக் கொறைஞ்சதே இல்ல, இலை மட்டும் முட்டி உசரத்துல நின்னுடும், அதுக்கு மேல வெறும் தண்டு நேரா எழும்பி என் நெத்தி உசரத்துல பூ ஆடும். பூ சின்னதுதான், இதழ் ஒடுக்கம், தங்க மஞ்சள் நிறத்துல உள்பக்கம் லேசா துருப்பிடிச்ச மாதிரி ஒரு சிவப்பு வளையம். இப்போ வர்ற புது ரகங்கள்ல இருக்குற சுருக்கம், ஓரத்துல லேஸ் வச்ச மாதிரி மடிப்பு, அதெல்லாம் இதுல சுத்தமா கிடையாது, அதை எதிர்பார்த்து வாங்குறவங்க ஏமாந்துபோவீங்க. எனக்கென்னவோ இந்த ஒல்லி இதழ்தான் அழகு, சாயங்கால வெயில் பின்னாடிலேர்ந்து படும்போது பூ முழுக்க விளக்கு ஏத்துன மாதிரி இருக்கும்.

இதை உருவாக்கினவர் ஏ. பி. ஸ்டவுட், நியூயார்க் பொட்டானிக்கல் கார்டன்ல வேலை பார்த்த விஞ்ஞானி. 1951-ல வந்த ரகம். அவருக்குச் சீனாவுல நான்ஜிங் பக்கத்துலேர்ந்து காட்டு டேலிலிகள் வந்துச்சு, அதுல ஒண்ணுதான் ஆளுயரம் வளர்ற, பிந்திப் பூக்குற இனம், ‘மிக உயரமானது’ன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஆல்டிசிமான்னே அதுக்கு அவர் பேர் வச்சார். ஆட்டம் மினரெட்டோட உசரமும் தாமதமும் அந்த வழியில வந்ததுதான். கலப்பு பண்ண நினைக்கிறவங்களுக்கு இது ஏன் முக்கியம்னா, தாமதமாப் பூக்குற குணம் பரம்பரையில வர்றது, உரம் போட்டோ நிழல்ல வச்சோ செப்டம்பருக்குத் தள்ள முடியாது. அந்த ரத்தம் உள்ள ஒரு செடி கையில இருக்கணும்.

எங்க வீட்டுல இது பூக்க ஆரம்பிக்கிறது ஆகஸ்ட் முதல் வாரம், நல்ல வருஷத்துல செப்டம்பர் 10 வரைக்கும் வரும். பிள்ளையார் சதுர்த்திக்கு அநேகமா பூ இருக்கும், நவராத்திரிக்கு இருக்காது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் கலப்புல இறங்குனேன், கூடவே சிவப்பு வேணும்கிற ஆசை.

முதல் ரெண்டு வருஷம் எனக்கு ஒரு காய்கூட நிக்கல. 2019-ல ரோட்டோரத்துல தானா வளர்ற அந்த ஆரஞ்சு டேலிலியைத் தோண்டி வந்து வச்சிருந்தேன், அதுல மகரந்தம் வச்சு வச்சுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல. அப்புறம் தெரிஞ்சுக்கிட்டது, அது மூணு செட் குரோமோசோம் உள்ள செடி, விதை கட்டாது, வேர் மூலமாத்தான் பரவும். அடுத்தது, கடையில வாங்குன பெரிய ரோஸ் கலர் ரகம் ஒண்ணு, உள்ளங்கை அகலப் பூ, அதோட மகரந்தத்தை ஆட்டம் மினரெட்ல வச்சேன். 2020-ல ஜூலைப் பூவோட மகரந்தத்தை எடுத்துவச்சு ஆகஸ்ட்ல ஒரு பத்து நாள், தினம் நாலு பூ, நாற்பது பூவுக்கு மேல. பூ வாடி விழும், அடியில பச்சையா ஒரு குமிழ் நிக்கும், அஞ்சு நாள்ல மஞ்சளாகி உதிர்ந்துடும். ஒவ்வொரு தடவையும். ராத்திரி உக்காந்து அழாத குறை.

இங்கதான் அந்தப் பண்ணைக்காரங்களை மனசாரப் பாராட்டணும். செடி வித்து ரெண்டு வருஷம் ஆச்சு, இருந்தும் நான் மெயில் போட்ட மறுநாளே அந்த அம்மா பொறுமையா எழுதுனாங்க. டேலிலியில ரெண்டு ஜாதி இருக்கு, 22 குரோமோசோம் உள்ள டிப்ளாய்ட், 44 உள்ள டெட்ராப்ளாய்ட், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராது, உங்க மஞ்சள் டிப்ளாய்ட், ரோஸ் டெட்ராப்ளாய்ட், நீங்க நாற்பது என்ன நானூறு பூ வச்சாலும் இதேதான், சிவப்பு வேணும்னா டிப்ளாய்ட் சிவப்பு தேடுங்கன்னு. கூடவே இன்னொண்ணும் சொன்னாங்க, வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டுற நாள்ல மகரந்தம் வைக்காதீங்க, காலையில பனி காஞ்சதும் வைங்கன்னு. இந்த ரெண்டு வரியை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு வருஷம் மிச்சம். அதனால இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி, செடி வாங்குறதுக்கு முன்னாடி டிப்ளாய்டா டெட்ராப்ளாய்டான்னு கேட்டுட்டு வாங்குங்க, பெரிய கடைகள்ல தொட்டியில ஒட்டியிருக்குற அட்டையில அது பெரும்பாலும் இருக்காது.

அவங்க பேச்சைக் கேட்டு ‘பார்டன் மீ’ வாங்குனேன். 1982-ல டேரல் ஆப்ஸ் கொண்டுவந்த ரகம், குட்டைச் செடி, சின்னச் சின்ன சிவப்புப் பூ, டிப்ளாய்ட். எங்க வீட்டுல அது பூக்குறது ஜூலை, மினரெட் பூக்குறது ஆகஸ்ட். அதுக்கு வழி ஃப்ரீசர்தான். காலையில பூ விரிஞ்சதும் ஆறு கேசரத்தையும் கிள்ளி, ஒரு மணி நேரம் வீட்டுக்குள்ள காயவிட்டு, சின்னப் பேப்பர் கவர்ல போட்டு, ரகத்தோட பேரும் தேதியும் எழுதி, ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட ஒரு டப்பாவுல அடைச்சு ஃப்ரீசர்ல வச்சுடணும். ஈரம் பட்டா போச்சு, அதுதான் ஒரே விஷயம். அப்படி வச்சா அடுத்த வருஷம் வரைக்கும்கூட வேலை செய்யுது, நானே பார்த்துட்டேன். எங்க ஃப்ரீசர்ல தேங்காய்த் துருவலுக்கும் பச்சைப் பட்டாணிக்கும் நடுவுல அந்த டப்பா இப்பவும் இருக்கு.

மகரந்தம் வைக்கிறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. பூ நடுவுல ஆறு கேசரத்தையும் தாண்டி ஒண்ணு மட்டும் நீளமா வளைஞ்சு நிக்கும், அதோட நுனியில கேசரத்தால தடவுனா மஞ்சப் பொடி ஒட்டிக்கும், அவ்வளவுதான். எது கூட எதுன்னு ஞாபகம் வச்சுக்குறதுதான் கஷ்டம், அதுக்குக் கலர் நூல் கட்டிடுவேன், பார்டன் மீ-ன்னா சிவப்பு நூல், வேறன்னா வேற கலர். அந்த வருஷம், 2021, அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க, தினம் காலையில காபியோட வந்து நின்னு பார்ப்பாங்க. “ஏன்டி, பூவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறியா, நூல் வேற கட்டுற”ன்னாங்க. “ஆமாம்மா, மாப்பிள்ளை ஃப்ரீசர்ல இருக்கார்”னேன். அப்புறம் அவங்களே நூல் வெட்டிக் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, எந்தப் பூவுக்கு வச்சாச்சு எதுக்கு வைக்கலன்னு எனக்கு முன்னாடி அவங்க சொல்லிடுவாங்க.

லேட் செடியில கலப்பு பண்றதுல இருக்குற நிஜமான சிக்கல் இதுக்கப்புறம்தான் வருது, இதை எழுதத்தான் இந்த ரிவ்யூவையே ஆரம்பிச்சேன். காய் முத்துறதுக்கு ஆறு வாரத்துலேர்ந்து எட்டு வாரம் ஆகும். ஜூலையில பூக்குற செடிக்கு அது ஒரு பிரச்சனையே இல்ல, செப்டம்பர்ல விதை கையில வந்துடும். ஆனா செப்டம்பர் முதல் வாரம் மகரந்தம் வச்சா காய் முத்துறது அக்டோபர் கடைசி, எங்க பக்கம் அக்டோபர் நடுவுலயிருந்து எந்த ராத்திரி வேணும்னாலும் உறைபனி விழும், ஒரே ராத்திரியில தண்டு தொவண்டு காய் கருகிடும். செடி எவ்வளவுக்கு எவ்வளவு லேட்டோ அவ்வளவுக்கு அவ்வளவு விதை கிடைக்கிற வாய்ப்பு கம்மி. பிந்திப் பூக்குற ரகம் கம்மியா இருக்குறதுக்கே இதுவும் ஒரு காரணம்னு எனக்குத் தோணுது.

நான் பண்றது மூணு. முதல்ல விரியிற பூவுலயே மகரந்தம் வச்சுடுவேன், பூஜைக்குப் பூ பறிக்கிறதெல்லாம் அதுக்கப்புறம்தான். ரொம்பப் பிந்தி வர்ற செடியைத் தாயா வைக்காம அதோட மகரந்தத்தை ஃப்ரீசர்ல போட்டு, அடுத்த வருஷம் முந்திப் பூக்குற செடி மேல வைப்பேன். இதெல்லாம் மீறி பனி வந்துடுச்சுன்னா காயோட தண்டை வெட்டி, வீட்டுக்குள்ள ஜன்னல் ஓரமா தண்ணி பாட்டில்ல நிறுத்திடுவேன், ரெண்டு நாளைக்கு ஒருதரம் தண்ணி மாத்தி நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடணும். அஞ்சு வாரம் தாண்டின காயா இருந்தா பாட்டில்லயே முத்தி வெடிக்கும். அதுக்கும் இளசா இருந்தா எனக்கு வரல, விதை சப்பையாத்தான் இருந்துச்சு.

விதை பார்க்க அவ்வளவு அழகு, கருகருன்னு பளபளப்பா பெரிய மிளகு மாதிரி. 2021-ல மொத்தம் 61 விதை. ஈரப் பேப்பர்ல சுத்தி, ஜிப் கவர்ல போட்டு ஆறு வாரம் ஃப்ரிட்ஜ்ல (ஃப்ரீசர் இல்ல), குளிர் பட்டாதான் சீரா முளைக்கும். 38 முளைச்சுது. பேஸ்மென்ட்ல லைட் போட்டு வளர்த்து 2022 மே மாசம் பாத்தியில நட்டேன். அப்புறம் ஒண்ணும் பண்றதுக்கு இல்ல, காத்திருக்கணும், எங்க குளிர்ல நாத்து பூக்க ரெண்டு மூணு வருஷம். 2024-ல 22 செடி பூத்துச்சு. உண்மையைச் சொல்லணும், அதுல முக்கால்வாசி ஜூலை கடைசியிலயே பூத்து முடிஞ்சுது, கலரும் சேத்து ஆரஞ்சு. உசரமும் கன்னாபின்னான்னு, ஒண்ணு முழங்கால், ஒண்ணு தோள். ஆகஸ்ட் கடைசி தாண்டுனது நாலே நாலு. அந்த நாலுல ஒண்ணு செங்கல் சிவப்பு, மூணடி உசரம், மினரெட்டோட ஒல்லி இதழ், நடுவுல பச்சை கலந்த மஞ்சள். அது செப்டம்பர் 8-ம் தேதி முதல் பூ விட்டுச்சு.

போன வருஷம், 2025-ல, நவராத்திரி சீக்கிரம், செப்டம்பர் 22 ஆரம்பம். அந்தச் செடியில மூணு தண்டு, மொட்டு எண்ணி எண்ணிப் பார்த்துக்கிட்டே இருந்தேன். முதல் நாள் ரெண்டு பூ, மூணாம் நாள் ஒண்ணு, அஞ்சாம் நாள் கடைசிப் பூ. நாலு பூ. கொலுவுல மரப்பாச்சிக்கு முன்னாடி ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்துல தண்ணி விட்டு வச்சேன், வீடியோ கால்ல அம்மாகிட்ட காட்டுனேன், “நூல் கட்டுன பூவா இது”ன்னு கேட்டுட்டு அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் அவங்க பேசவே இல்ல.

அதே ஆர்டர்ல வாங்குன ‘சாண்ட்ரா எலிசபெத்’ பத்தியும் சொல்லிடறேன். 1983-ல வந்த ரகம், மஞ்சள், ரெண்டடி ரெண்டரை அடிதான், பூ மினரெட்டைவிடப் பெருசு. எங்க தோட்டத்துல மினரெட் முடியுற நேரத்துல இது ஆரம்பிக்குது, ஒரு வருஷம் அக்டோபர் முதல் வாரம்கூடப் பூ பார்த்தேன். கலப்பெல்லாம் வேண்டாம், லேட்டா பூத்தாப் போதும்னு நினைக்கிறவங்க கண்ணை மூடிக்கிட்டு இதை வாங்கலாம். பாத்தியோட முன்வரிசையில வைக்கலாம், காத்துக்குச் சாயாது. மினரெட் சாயும், செப்டம்பர் மழையோட காத்தடிச்சா கம்பு ஊணிக் கட்டியே ஆகணும்.

குறைன்னு பார்த்தா, நாலு செடியில ஒண்ணு பேர் மாறி வந்துடுச்சு. ரொம்ப லேட்டுன்னு போட்டு வந்தது ஜூலை 4-க்கே பூத்துச்சு, அதுவும் ரெண்டாவது வருஷம் பூத்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. போட்டோ அனுப்புனேன், மன்னிப்பு கேட்டு அடுத்த சீசன்ல சரியான செடியை ஷிப்பிங்கும் வாங்காம அனுப்பிட்டாங்க. நல்லவங்கதான், ஆனா கலப்பு பண்றவங்களுக்கு ரெண்டு வருஷம்கிறது பெரிய விஷயம், அதுக்காக அரை மார்க் கொறைக்கிறேன். வெப்சைட் போட்டோவுல கலர் எல்லாம் நிஜத்தைவிடத் தூக்கலா இருக்கு, அதுக்கு இன்னொரு அரை. மொத்தத்துல பண்ணைக்கு 5-க்கு 4. ஆட்டம் மினரெட்டுக்கு, தாய்ச்செடியா, 5-க்கு 5.

வாங்குறவங்க கவனிக்க வேண்டியது இன்னும் கொஞ்சம். மான் வர்ற ஏரியான்னா மொட்டு ஒண்ணு மிஞ்சாது, செப்டம்பர்ல மத்த பூவெல்லாம் முடிஞ்சிருக்கும்போது நம்ம செடி மட்டும் மொட்டோட நின்னா அது நேரா இங்கதான் வரும், வலை போடாம முடியாது. இலையில ஆரஞ்சுப் பொடி மாதிரி துரு நோய் வரும், இந்த நாட்டுல 2000-லதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க, புதுசா வாங்குனதை ஒரு மாசம் தனியா வச்சுட்டு அப்புறம் பாத்தியில சேருங்க. பூனை வளர்க்குறவங்க இந்தச் செடியே வேண்டாம், பூனைக்கு இலையும் மகரந்தமும் கடுமையான விஷம், கிட்னி போயிடும், பக்கத்து வீட்டுல பூனை இருந்தாலும் யோசிங்க. பண்ணைக்கு நேர்ல போறதா இருந்தா ஆகஸ்ட் கடைசி வாரம் போங்க, ஜூலைக் கூட்டமெல்லாம் அடங்கியிருக்கும், அந்த நேரத்துல வயல்ல எது பூத்து நிக்குதோ அதுதான் உங்களுக்கு வேண்டிய செடி, காட்டுனா முள்ளு மண்வெட்டியால அப்பவே தோண்டிக் குடுத்துடுவாங்க.